டைம் ஆபீஸ் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

என் அப்பா நெய்வேலியில் டைம் ஆபீஸ் எழுத்தர். சுரங்கம் என்றதும் வெளியூர்க்காரர்கள் பக்கெட் வீல் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்பாவுக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. “அது வெறும் இரும்பும்மா. எந்த ஷிப்டுல எவன் வந்தான், எவன் வரலன்னு இந்த நோட்டுல இருந்தாத்தான் அது சுத்தும்” என்பார். ஆபரேட்டர் ஒருவர் வராவிட்டால் அந்த ஓர் இயந்திரத்தோடு போகாது. பின்னால் கன்வேயர் நிற்கும். கன்வேயர் நின்றால் அனல்மின் நிலையத்தின் பங்கரில் நிலக்கரி மட்டம் இறங்கும். ஆகவே ஒவ்வொரு ஷிப்டுக்கும் மஸ்டர் எடுப்பார்கள். வராதவர் இடத்துக்கு இன்னொருவரைப் போட்ட பிறகுதான் டைம் ஆபீஸ்காரர் டீ குடிப்பார்.

எச்.ஐ.வி. வைத்தியம் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதையை யார் கேட்டாலும் எனக்கு இந்த மஸ்டர் நோட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். எங்கள் துறையில் நோயாளியை எண்ணப் பதிவேட்டுக்குப் பஞ்சமே இல்லை. இன்றைக்கு, இந்த வேளையில், நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணத்தான் நோட்டு இல்லை.

நெய்வேலியின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கரும்பொருள் வந்தது. 1956இல் நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, மறுவருடம் சோவியத் உதவியோடு கட்டிய நிலையத்தில் மின்சாரம் வந்தது. நிலம் கொடுத்தவர்கள் ஊரைவிட்டு நகர்ந்தார்கள். வேலை தேடி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டவுன்ஷிப் வட்டம் வட்டமாக வளர்ந்தது. அதன் பெரிய மருத்துவமனை முதலில் நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று கட்டியது. ஆர்ச் கேட்டுக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி கிளீனர்கள், முந்திரித்தோப்பு வேலைக்காரர்கள், இட்லிக் கடைக்காரர்கள் என்று இன்னொரு நெய்வேலி இருந்தது. அந்த நெய்வேலிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேலே போனால் குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், பண்ருட்டி, கடைசியில் கடலூர் தலைமை மருத்துவமனை. நான் இந்த இரண்டாவது நெய்வேலியின் ஆள்.

கிராம சுகாதார செவிலியர் என்ற வேலைக்கே ஒரு கணக்குத்தான் அடிப்படை: 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒருத்தி. 1973இல் கர்த்தார் சிங் குழு சொன்ன பல்நோக்குப் பணியாளர் யோசனையிலிருந்து வளர்ந்தது இது. தாய், குழந்தை, தடுப்பூசி, குடும்பநலம் என எல்லாவற்றுக்கும் பதிவேடு. மாதத் தொடக்கத்தில் ஏ.டி.பி. எழுத வேண்டும், எந்தத் தேதி எந்த ஊர் என்று முன்கூட்டியே போடும் பயணத் திட்டம். அதில் எழுதியபடி போனோமா என்று பார்க்க மேலே ஓர் ஆள். அவர் பார்த்தாரா என்று பார்க்க இன்னோர் ஆள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு எங்களுக்கென்று தனித்துறை, தனி அதிகாரிகள். அந்தக் கட்டுக்கோப்பு இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அப்போது மாணவியாக இருந்த நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சோதனைச் சாதனம் இருந்தது அங்கேதான். அதன்பிறகு நாங்கள் பயிற்சிக்குப் போன இடத்திலெல்லாம் இந்த நோய் பற்றி ஒரு வகுப்பு இருக்கும், வகுப்பு முடிந்ததும் டீ வரும், அதோடு மறந்துவிடுவோம். சென்னையின் நோய், பம்பாயின் நோய் என்றிருந்தோம். லாரி நிற்கிற ஊர் எதுவும் அப்படி நினைக்க முடியாது என்று புரிய 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் லாரியில்தான் போகின்றன. நெய்வேலிக்குள் வருகிற தளவாடமும் லாரியில்தான் வருகிறது.

1998 முதல் வருடந்தோறும் சென்டினல் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில், கர்ப்பிணிகளுக்கு வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதைப் பெயரையெல்லாம் அழித்துவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதிப்பார்கள். ஓர் இடத்தில் 400 மாதிரி. இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எத்தனை என்று அதிலிருந்து தெரியும். யாருக்கு என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அதன் விதி. அரசாங்கத்துக்கு அந்த எண் தேவைப்பட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த பெண் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் ஒரு தசம புள்ளியாக டெல்லிக்குப் போயிருப்பாள், அவளுக்கே தெரியாமல்.

2003இல் புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் வந்து தமிழ்நாட்டையே ஒரு கலக்கு கலக்கியது. டீக்கடைச் சுவர் வரைக்கும் அந்தப் பெயர். சிரித்துக்கொண்டாவது அந்த நோயின் பெயரை ஆண்கள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அதே காலத்தில்தான் எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையங்கள் பெருகின: ஓர் ஆலோசகர், ஒரு லேப் டெக்னீஷியன், கதவு சாத்திய ஓர் அறை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது நாடு முழுக்க எட்டே மருத்துவமனைகள். எங்களுக்குக் கைக்கெட்டியது 1928இல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியம். எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் பாதி நாள். அன்றைய சம்பளம் போச்சு, மறுநாள் உடம்பு வலியில் அதுவும் போச்சு. சில வருடத்தில் கடலூரிலேயே ஏ.ஆர்.டி. மையம் வந்தது பெரிய விடுதலை.

இனி நான் நின்று பேச வேண்டிய இடம்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க அப்போது இருந்தது நெவிரபின். பிரசவ வலி கண்டதும் தாய்க்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதன் எடைக்கேற்ற சொட்டு மருந்து. கேட்கும்போது இதைவிட எளிய வைத்தியம் உண்டா என்று தோன்றும். மாத்திரை மலிவு, வைக்கக் குளிர்ப்பெட்டிகூட வேண்டாம். ஆனால் வலி காண்பது ராத்திரி இரண்டு மணிக்கு. அதுவும் எங்கே? நம் ஊரில் வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். மந்தாரக்குப்பம் பக்கம் சோதித்து, ஆலோசனை சொல்லி, அழுது முடித்து, எல்லாம் புரிய வைத்த பெண்ணுக்குப் பிரசவம் நடப்பது திட்டக்குடிப் பக்கமோ சேத்தியாத்தோப்புப் பக்கமோ ஒரு நிலையத்தில். அங்கே இருக்கிற செவிலியருக்கு இவள் யாரென்று தெரியாது.

மாவட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தொற்றுள்ள கர்ப்பிணிகள், உத்தேசப் பிரசவத் தேதி, பிரசவம் பார்க்கும் இடம். நல்ல பட்டியல்தான். அதை வைத்துக்கொண்டு ஒருமுறை எங்கள் பகுதிப் பெண்ணின் தாய்வீட்டு நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்தேன். மருந்து இருக்கிறது, பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறார் என்றார்கள். இரண்டும் உண்மை. வலி கண்ட இரவில் அந்தச் செவிலியர் பிரசவ விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இருந்த பெண் வேறு நிலையத்திலிருந்து டெபுடேஷனில் வந்தவர். மருந்து பீரோவில் இருந்தது, சாவி பார்மசிஸ்ட் வீட்டில் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்து, “நர்சம்மா, நீங்க சொன்ன மாத்திரைய கேட்டா, இன்னா மாத்திரைன்னு திருப்பிக் கேக்குறாங்கம்மா” என்றார். சாவியைத் தேடி ஓர் ஆள் சைக்கிளில் போனான். மாத்திரை கிடைத்தது. குழந்தைக்கும் மருந்து போயிற்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் அப்பாவின் மஸ்டர் நோட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் அறிக்கைகளில் ஆட்களைப் பற்றி இரண்டு கட்டங்கள் உண்டு: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை. அந்த நிலையத்தில் இரண்டுமே சரி. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் குறையே கிடையாது. நோயாளிக்கு வேண்டியது மூன்றாவது கட்டம்: அந்த இரவு அந்த அறையில் யார், அவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தெரியுமா, சாவி யாரிடம். அதிகாரி சிரித்தார், ஆனால் கேட்டுக்கொண்டார். அது 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாநிலமெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம். நிலையத்துக்கு மூன்று செவிலியர், மாற்றி மாற்றி டியூட்டி. சுரங்கத்தின் ஷிப்டு சுகாதார நிலையத்துக்கும் வந்துவிட்டது, டைம் ஆபீஸ் மட்டும்தான் வரவில்லை. ஆகவே பிரசவப் பட்டியலை ஒரு பக்கமும், ஒவ்வொரு நிலையத்தின் டியூட்டி சார்ட்டை மறுபக்கமும் வைத்து ஒப்பிட ஆரம்பித்தோம். கார்பன் தாளில் எழுதியதுதான், கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. தேதியை ஒட்டிப் பயிற்சி பெற்றவர் யாரும் இல்லாத வாரம் தெரிந்தால், அந்த வாரத்தில் பயிற்சி பெற்ற செவிலியருக்குப் போலியோ முகாம் வேலை போடாமல் தள்ளிவைப்பார்கள். அல்லது பெண்ணையே வேறு மருத்துவமனைக்கு வரச் சொல்வோம். மருந்தின் ஒரு பங்கைப் பிரசவ அறையிலேயே வைக்கச் சொன்னதும் இதிலிருந்துதான் வந்தது.

இதில் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறைதான் எய்ட்ஸ் வைத்தியத்தின் கழுத்தைப் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. 57 நாடுகளில் நெருக்கடி என்றது. கென்யாவில் செவிலியர் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் லுசிகிசிகியில் டாக்டர் இல்லாத கிராம நிலையங்களில் செவிலியர்களே ஏ.ஆர்.டி. கொடுத்தார்கள். வேலைப் பளுவை வைத்து ஆளைக் கணக்கிடும் ஒரு முறையை உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே வெளியிட்டது, நமீபியாவில் எச்.ஐ.வி. பார்க்கும் செவிலியர்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம், ஓராண்டில் ஓர் ஆள் விடுப்பு, பயிற்சி, பண்டிகை போக உண்மையில் எத்தனை நாள் கிடைப்பார் என்று பார்க்கும் முறை அது. அப்பா பார்த்திருந்தால் இதற்கா ஜெனிவாவில் ஆபீஸ் என்று கேட்டிருப்பார்.

ஏ.ஆர்.டி. மையத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் மருந்து வாங்க 1,000 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். வேலை நாள் 25 என்றால் நாளுக்கு 40 பேர். ஒருவரிடம் பத்தே நிமிடம் பேசினாலும் 400 நிமிடம், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆலோசகரின் நாள் இதிலேயே முடிந்தது. புதிதாக வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவருக்கு முக்கால் மணி நேரம் எங்கிருந்து வரும்? சிகிச்சை விவரம் பதியும் வெள்ளை அட்டையை யார் எழுதுவது? வராதவருக்கு யார் போன் செய்வது? அதுவும் நாற்பது பேர் என்பது சராசரி. திங்கட்கிழமை கூட்டம் வேறு, பொங்கலுக்கு மறுவாரக் கூட்டம் வேறு. 500 பேருக்கு ஓர் ஆலோசகர் என்று திட்டத்தில் ஒரு விதி வந்ததன் காரணம் இதுதான். ஆனால் இந்த ஆலோசகர்களும் டெக்னீஷியன்களும் ஒப்பந்தப் பணியாளர்கள். வேறு நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். போகக்கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர், சில மாதம் ஒருவரும் இல்லை.

சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஒருவர் இரண்டு மாதம் மருந்து வாங்காமல் விட்டுவிட்டார். பட்டியலில் அவர் பெயர் ‘தொடர்பற்றவர்’ என்ற தலைப்புக்குப் போனது; தேடச் சொல்லி எனக்கு வந்தது. வீட்டில்தான் இருந்தார். “சிஸ்டர், ரெண்டு வாட்டி போனேன். மத்தியானம் வரைக்கும் ஒக்காந்தேன், அம்மா ட்ரெய்னிங் போயிருக்காங்கன்னாங்க. ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி சிஸ்டர். நான் எங்க ஓடிப்போனேன்?” என்றார். அன்று முதல் தொடர்பற்றவர் பட்டியல் வந்தால் அந்தத் தேதிகளில் மையத்தில் எத்தனை ஆள் குறைவு என்று நான் சேர்த்துக் கேட்பேன். சில சமயம் எரிச்சலடைவார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நோயாளிகள் ‘ஓடிப்போன’ மாதமும் ஆட்கள் போன மாதமும் பெரும்பாலும் ஒன்றாக இருந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிலையாக மருந்து சாப்பிடுகிறவர்களை வீட்டுக்கு அருகிலுள்ள இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றுவதும், திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பிரித்துத் தேதி கொடுப்பதும் அங்கங்கே நடந்தன.

2007 ஜூலையில் இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 52 லட்சம் இல்லை, ஏறக்குறைய 25 லட்சம்தான் என்று அரசு திருத்திச் சொன்னது. கணக்கெடுக்கும் முறை மேம்பட்டதால் வந்த திருத்தம், நியாயமானதுதான். அந்த வாரம் வராண்டாவில் இருந்த வரிசை பாதியாகக் குறையவில்லை.

உள்ளூர் ஆளை நம்பிச் செய்யும் எதிலும் ஒரு முள் உண்டு. பக்கத்தில் மையம் வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று நினைத்தோம். சிலர் வர மறுத்தார்கள். அங்கே லேப்பில் இருப்பது அவர்கள் மைத்துனரின் நண்பர். மருந்து கொடுப்பவர் வீடு அதே தெரு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறிப் போனவர்களுக்குப் பக்கத்து மையம் தெரியாமல் இல்லை, அங்கே இருப்பது யாரென்று நன்றாகவே தெரியும். இதையும் ஆள் கணக்கின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை பேர் என்பதோடு எந்த ஊர்க்காரர் என்பதும். பெயர் வெளியே போகக்கூடாது என்பதைச் சட்டமாக்க 2017 வரை ஆனது. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில். என் சைக்கிள் எந்த வீட்டு முன்னால் நிற்கிறது என்று பார்க்கும் கண்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அதனால் தொற்றுள்ளவர் வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தெருவில் முன்னும் பின்னும் நாலு வீடு ஏறி இறங்குவது எங்கள் வழக்கம். அது எந்த அறிக்கையிலும் வராத நேரம். வேலைப் பளுவைக் கணக்கிடுகிறவர்கள் இதற்கு எத்தனை நிமிடம் போடுவார்களோ.

2014இல் தொற்றுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து என்றானதும் நெவிரபின் இரவுகள் முடிந்தன. 2017இல் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்றார்கள், சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போகட்டும் என்று காத்திருந்த காலத்தைப் பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். வரிசையும் அந்த அளவுக்கு நீண்டது. பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் பஸ் நின்றது, லேப் டெக்னீஷியன்களைக் கொரோனா சோதனைக்கு இழுத்தார்கள். மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. யார் எந்த ஊரில் இருக்கிறார், யாரிடம் வண்டி இருக்கிறது, யாருக்கு ஊரடங்குப் பாஸ் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு ஆலோசகர்களும் தொற்றுள்ளோர் அமைப்புகளின் தொண்டர்களும் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை வருடம் கேட்ட மூன்றாவது கட்டம் ஒரே வாரத்தில் செல்போனில் தயாராகிவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் அதை யாரும் தொடர்ந்து எழுதவில்லை.

இப்போது மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வயதாகிறது. 2004இல் தாம்பரத்துக்கு பஸ் ஏறிய இளைஞர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிட்டன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை உள்ளூர்த் தன்னார்வலர் வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார். ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு அதே நோயாளி மையத்துக்குப் போகிறார். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுத்தால் என்ன என்று கூட்டங்களில் கேட்கிறார்களாம். கொடுக்கலாம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் எந்த நாளில், எந்த ஊர்க்காரர், எத்தனை மணி வரை இருப்பார் என்று எழுதிய ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டை முதலில் நோயாளியிடம் காட்டிக் கேட்க வேண்டும், இவரிடம் வாங்க உங்களுக்குச் சம்மதமா என்று.